ஏழாம் ஊருக்கு விசாரிக்கப் போனேன்

டெல்டாவுக்குள் பஸ் நுழைந்ததும் எனக்கு முதலில் வந்தது பரவசம் அல்ல, பயம். மலை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் இல்லை. கோயம்புத்தூர்க்காரனுக்கு மேற்கு என்றால் மலை. அது அங்கே நிற்கிற தைரியத்தில்தான் மற்ற மூன்று திசைகளையும் நாங்கள் நம்புவோம். இங்கே ஜன்னலுக்கு வெளியே வயல், வாய்க்கால், வயல், வாய்க்கால் என்று தட்டையாகப் போய்க்கொண்டே இருந்தது. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் அப்படியே உருண்டுபோய் பூம்புகார்க் கடலில் விழுந்துவிடுவேனோ என்று ஐம்பதை எட்டிப் பார்க்கும் ஒருவன் பயப்படலாமா? பயந்தேன். பக்கத்து சீட்டுக்காரரிடம் "இங்க மேற்கு எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எறங்க வேண்டிய எடத்தச் சொல்லுங்க, மேக்க என்னத்துக்கு?" என்றார்.

நான் எண்களின் ஆள். பள்ளிக்கூடத்தில் கொண்டுவரும் சீர்திருத்தங்கள் பலன் தருகின்றனவா என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் பிழைப்பு. மனிதர்களைப் பார்க்காமலே அவர்களைப் பற்றி அடித்துப் பேசலாம் என்பதுதான் இந்த வேலையின் சௌகரியம். பார்ப்பதற்கு மைதிலி இருந்தார். எங்கள் ஆய்வின் தலைவி. நான் எண்ணுவேன், அவர் போய் ஆட்களிடம் கேட்டு வருவார். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருந்துகிறதா என்று பார்ப்போம். "என்ன நடந்துச்சுன்னு எண் சொல்லும். ஏன் நடந்துச்சுன்னு ஆளுங்கதான் சொல்லணும்" என்பார். இதற்குக் கலப்பு முறை ஆய்வு என்று பெயர். அந்த மைதிலி தன் வீட்டு மாடிப்படியில் வழுக்கி, காலில் மாவுக்கட்டோடு படுத்துவிட்டார். "நீங்க போயிட்டு வாங்க. வெறும் பேச்சுதானே?" என்றார். வெறும் பேச்சு. அதுதான் எனக்கு வராத ஒன்று.

ஆராய வேண்டியது இதுதான். சின்னப் பள்ளிகளில் பிள்ளைகளை வகுப்பு வாரியாக உட்கார வைக்காமல், யார் எவ்வளவு வாசிக்கிறார்களோ அதன்படி கலந்து உட்கார வைக்கும் ஒரு திட்டம். அதற்காகப் பள்ளிக்கு ஒரு தற்காலிக ஆசிரியை, வருஷா வருஷம் நீட்டிக்கிற வேலையில். குடவாசல் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளின் வாசிப்பு நன்றாக ஏறியிருந்தது. ஏன் ஏறியது என்று நான் கேட்டுவந்து, தொடரலாம் என்றோ வேண்டாம் என்றோ எழுத வேண்டும். தொடரலாம் என்றால் டீச்சருக்கு அடுத்த வருஷமும் வேலை. வேண்டாம் என்றால் கோடை விடுமுறையோடு சரி. அப்புறம் ஐந்து வகுப்பையும் தலைமையாசிரியர் ஒருவரே கட்டி மேய்க்க வேண்டியதுதான்.

எங்கள் ஆய்வில் ஊர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். இது ஏழாம் ஊர். டீச்சரை வாசுகி என்று வைத்துக்கொள்வோம். மற்ற பெயர்களையும் மாற்றிவிட்டேன். மாற்றாமல் விட்டது என் முட்டாள்தனத்தை மட்டும்.

கும்பகோணத்தில் லாட்ஜ். காலையில் கீழே ஓட்டலில் இட்லிக்குக் கடப்பா ஊற்றினார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் கலந்த வெளிர் குழம்பு. எங்கள் பக்கம் கடப்பா என்றால் தரையில் பதிக்கிற கல். கல்லுக்குப் பதில் இது கிடைத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பக்கத்து மேஜைகளை ஒரு பெரிய குடும்பம் நிறைத்திருந்தது. பெரியவருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். மாலை, பட்டு, ஏற்கெனவே இரண்டு சண்டை.

"வேன்ல எடம் இருக்கு சார், நீங்களும் வாங்களேன்" என்றார் மணமகன். அவருடைய மனைவி, "ஒங்க வீட்டம்மா வரலியா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"ஊர்ல இருக்காங்களா?"

"இல்லவே இல்லைங்க. நான் கல்யாணம் பண்ணிக்கலை."

அந்த அம்மா தன் தட்டிலிருந்த வடையை எடுத்து என் தட்டில் வைத்தார். கல்யாணமாகாதவனுக்கு உலகம் தரும் இழப்பீடு பெரும்பாலும் வடையாகத்தான் இருக்கும். வேன் கிளம்பிப் போனதும் ஓட்டல் காலியாகி, காற்றாடிச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

ஏழாம் ஊருக்குப் போகும் டவுன் பஸ் நடந்துபோகிறவர்களை முந்தாமல் கண்ணியமாகச் சென்றது. அறுப்புக் காலம். ரோட்டில் பாதியை நெல்லுக்குக் கொடுத்துவிட்டார்கள். காயப்போட்ட நெல்லின் ஓரத்தில் கல்லை வைத்து எல்லை கட்டியிருந்தார்கள். டிரைவர் அதன்மேல் ஒரு சக்கரமும் படாமல் ஓட்டினார். எங்கள் ஊரில் மனிதர்களுக்கே இந்த மரியாதை கிடையாது.

மைதிலி எனக்கு மூன்று புத்திமதிகள் சொல்லி அனுப்பியிருந்தார். டீச்சரின் வேலையை எடைபோட வந்திருப்பதாகச் சொல்லக் கூடாது, சொன்னால் பதில் மாறிவிடும். பொதுவாகப் பேச ஆரம்பிக்க வேண்டும். கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், அந்த மௌனம் தாங்காமல் ஆட்கள் பேசிவிடுவார்கள்.

பஸ் நின்ற இடத்திலேயே தாசன் என்பவரின் டீக்கடை. டீ வாங்கிக்கொண்டு பொதுவாக ஆரம்பித்தேன்.

"இங்க ஸ்கூல்ல வாசுகி டீச்சர்னு இருக்காங்களாமே. எப்படிங்க?"

டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரை மடித்தார்கள்.

"சார் என்ன விஷயமா வந்துருக்கீங்க?" என்றார் தாசன்.

"சும்மாதான். ஸ்கூலைப் பத்தித் தெரிஞ்சுக்கலாம்னு."

"சும்மா" என்றார் பெஞ்சில் ஒருவர், இன்னொருவரைப் பார்த்து.

"எந்தப் பக்கம் சார் நமக்கு?"

"கோயம்புத்தூருங்க."

"அவ்வளவு தூரத்துலேர்ந்தா?"

"தூரமா இருந்தா என்னப்பா, இந்தக் காலத்துல" என்று பெஞ்சுக்காரர் எனக்காக வாதாடினார். சாலை வசதியைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். பிறகு வரிசையாகக் கொட்டினார்கள். தங்கமான பொண்ணு. தெருவில் போனால் போனதே தெரியாது. அப்பா தவறினதிலேர்ந்து அம்மாவைக் கண்ணுல வச்சுப் பாத்துக்கிது.

"பாடம் எப்படி நடத்துவாங்க?"

"அதுக்கென்ன சார், நல்லாத்தான் நடத்தும். மார்கழில கோலம் போட்டா ஜனங்க நின்னு பாத்துட்டுப் போவும்."

இதைக் கலை வழிக் கற்பித்தல் என்ற தலைப்பில் எழுதிக்கொண்டேன்.

"ஒங்க வீட்ல எத்தன பேரு சார்?" என்றார் தாசன்.

"நான் மட்டுந்தாங்க."

ஒருவரும் பேசவில்லை. மைதிலியின் மௌன வித்தையை அவர்கள் என்மேல் பிரயோகித்தார்கள். தாங்க முடியாமல் என் வயது, வாடகை வீடு, மெஸ் சாப்பாடு, முழங்கால் வலி எல்லாவற்றையும் நானே ஒப்பித்துவிட்டேன். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். என்ன ஜனங்கள், என்ன உபசாரம் என்று லாட்ஜ் வரைக்கும் வியந்துகொண்டே போனேன்.

மறுநாள் காலை பள்ளிக்கூடம். திட்டத்தைப் பார்க்க ஒருவர் வருகிறார் என்று மட்டும் தலைமையாசிரியர் டீச்சரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார். ஓட்டுக் கட்டடம், கொடிக்கம்பம், ஒரு வேம்பு. வாசுகி டீச்சருக்கு நாற்பதுக்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். கையில் சாக்பீஸ் தூள், இடுப்பில் செருகிய முந்தானை. என்னைப் பார்த்து, "பின்னாடி உக்காந்துக்குங்க சார். ஸ்டூல் ஆடும், ஓரமா உக்காராதீங்க" என்று சொல்லிவிட்டு மறந்துபோனார்.

இந்தத் திட்டத்தின் சங்கடம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஐந்தாம் வகுப்புப் பையன் சரியாக வாசிக்கவில்லை என்றால் இரண்டாம் வகுப்புப் பொடிசுகளோடு போய் உட்கார வேண்டும். அவமானத்தில் பாதிப் பேர் பள்ளிக்கே வருவதில்லை. இங்கே டீச்சர் குழுக்களுக்கு ஆற்றின் பெயரை வைத்திருந்தார். வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, குடமுருட்டி. எல்லாம் காவிரியிலிருந்து பிரிவதுதான். எது மேல், எது கீழ் என்று யார் சொல்வது? மீசை அரும்பத் தொடங்கிய ஒருவன், "திங்கக்கெழமைலேர்ந்து நான் அரசலாறு சார்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான். டீச்சர் ஒவ்வொரு ஆற்றிலும் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். அந்த நேரத்துக்கு அந்த ஆற்றில் மட்டும்தான் தண்ணீர் ஓடுவதுபோல இருந்தது. நான் ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்து, என் அட்டவணையில் ஏறிய எண்களுக்கு முகம் முளைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அதனால்தான் மத்தியானம் பெற்றோரிடம் போனபோது தூக்கிவாரிப் போட்டது.

முதலில் செல்வி. பிள்ளை மூன்றாம் வகுப்பு. தனியாகப் பேச வேண்டும் என்றேன். "தனியாத்தான் சார் இருக்கோம், கேளுங்க" என்றார். சுற்றிலும் தெருவே நின்றது.

"வாசுகி டீச்சரைப் பத்திச் சொல்லுங்க."

செல்வி தெருவைப் பார்த்தார். தெரு செல்வியைப் பார்த்தது.

"கோவக்காரங்க சார். கோவம்னா கோவம், அப்புடி ஒரு கோவம். சாக்பீஸ எறிஞ்சா குறி தப்பாது."

"கொரலு வேற" என்றார் இன்னொரு அம்மா. "அந்தாண்ட தெருவுல தூங்குற கொழந்த எழுந்திரிச்சுக்கும்."

"சமைக்கவும் தெரியாது."

இதை மதிய உணவு என்ற தலைப்பில் எழுதினேன்.

"தூக்கத்துல பேசுவாங்களாம் சார். அவங்கம்மாவே சொல்லிருக்கு."

ஆசிரியர் சோர்வு.

"வெளியூர் தண்ணி ஒத்துக்காது. இங்கேர்ந்து திருவாரூர் போனாலே காச்ச வந்துரும்."

இடமாறுதல் குறித்த தயக்கம். எழுதிய கை வலித்தது. எதிர்த்த தெருவுக்கும் போனேன். பள்ளியில் பிள்ளை இருக்கிற வீடு ஒன்று பாக்கியில்லாமல் டீச்சரைக் கரித்துக்கொட்டியது. பிள்ளை இல்லாத வீடுகள் எல்லாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடின. என் வாழ்நாளில் இத்தனை சுத்தமான அட்டவணை எனக்கு அமைந்ததில்லை. இந்தப் பக்கம் முழுக்கப் புகழ், அந்தப் பக்கம் முழுக்க ஏச்சு, நடுவில் ஒரு ஈ கூட இல்லை. சுத்தமான அட்டவணையைக் கண்டால் பயப்படு என்று வகுப்பெடுக்கிறவனே நான்தான். மலை இல்லை என்று பயந்தவன், பயப்பட வேண்டிய இடத்தில் குஷியாக இருந்தேன்.

மூன்றாம் நாள் பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை. ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று தலைமையாசிரியர் என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டார். நல்ல மனிதர், ஆனால் ஓட்டும்போது திரும்பிப் பார்த்துப் பேசுகிறவர். வாய்க்கால் கரையில் போய்க்கொண்டிருந்தபோது எதிரே அறுப்பு மிஷின் ஒன்று கரையை அடைத்துக்கொண்டு வந்தது. அவர் ஒதுங்கி, காலை ஊன்றி, கம்பீரமாக நின்றுகொண்டார். நான் மட்டும் பின்சீட்டிலிருந்து வாய்க்காலுக்குப் பணிமாறுதல் பெற்றேன்.

"எனக்கு நீச்சல் தெரியாது" என்று கத்தினேன். ஆம், கத்தினேன். மறைக்கப்போவதில்லை.

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், "எழுந்திரிச்சு நில்லுங்க சார்" என்றார்.

எழுந்து நின்றேன். தண்ணீர் முழங்கால் வரை இருந்தது.

பக்கத்திலேயே இருந்த வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். வாசுகி டீச்சர் வீடு. வாசலிலேயே அவருடைய அம்மா, நான் வருவது தெரிந்ததுபோல, பெரிய பார்டர் சேலையில் நின்றார். சேற்றில் முக்கி எடுத்த என்னைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. உள்ளே போய் ஒரு வேட்டியும் துண்டும் கொண்டுவந்தார். மடிப்புக் கலையாத ஜரிகை வேட்டி, கடைச் சீட்டுகூட இன்னும் ஒட்டியிருந்தது.

"இதெல்லாம் எதுக்கும்மா, பழசு ஏதாவது..."

"எதுக்கோன்னு வாங்கி வச்சது, பொட்டியிலயே கெடக்கு. கட்டிக்கங்க தம்பி."

கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ஒரு தட்டில் கேசரி, ஒரு தட்டில் வாழைக்காய் பஜ்ஜி. கேசரியில் முந்திரி தாராளம். வாலிபத்தில் நானும் பெண் பார்க்கப் போய், பஜ்ஜி தின்று, பதில் வராமல் போனவன்தான். ஒருமுறை இரண்டுமுறை அல்ல. ஆனால் இந்த வித்தையெல்லாம் கைவிட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டதால் என் மரமண்டையில் ஒன்றும் பொறி தட்டவில்லை. வாசலில் ஆட்கள் போகிறபோக்கில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வாய்க்காலில் விழுந்தவனைப் பார்க்க வருகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

"கோயமுத்தூர்ல தண்ணி நல்லாருக்கும்பாங்களே?" என்றார் அம்மா.

"ரொம்ப நல்லாருக்குமுங்க."

"ராத்திரி சாப்பாடு?"

"மெஸ்லதாங்கம்மா."

"பாவம்" என்று இன்னொரு கரண்டி கேசரி வைத்தார். அடுக்களை நிலையில் சாய்ந்து நின்ற டீச்சர், "அம்மா, சாரை விடு. நனைஞ்சு வந்துருக்காரு" என்று மட்டும் சொன்னார்.

இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று ஒருவர் கேட்டு நான் சாப்பிட்டு வெகுநாளாகியிருந்தது. மெஸ்ஸில் என் பெயர் ஜன்னலோர டேபிள்.

சாயங்காலம் லாட்ஜில் ஜரிகை வேட்டியோடு உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன். கேசரி நெஞ்சில் நின்றது. இருந்தாலும் ஆய்வு ஆய்வுதானே? மைதிலியிடம் போனில் அட்டவணையை வாசித்துக் காட்டினேன்.

"பெத்தவங்க ஒருத்தர்கூட நல்லதாச் சொல்லலியா?"

"ஒருத்தர்கூட."

"மார்க் ஏறினா மட்டும் போதாது. பெத்தவங்களே வேணாம்னா அங்க நாம அதைத் தொடர முடியாது. வேண்டாம்னே எழுதுங்க."

எழுதினேன். அனுப்பினேன். ஜன்னல் வழியே பார்த்தால் கோபுரங்கள் தெரிந்தன. கோபுரம் மலை ஆகுமா என்று கொஞ்ச நேரம் முயன்று பார்த்தேன், ஆகவில்லை.

கடைசி நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வரலாம் என்று ஊருக்குப் போனேன். வேட்டியைத் துவைத்துக் கொடுக்க வேண்டும் என்பதால் எடுத்து வரவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது செல்வி கையில் தூக்குவாளியோடு நின்றிருந்தார். சுற்றிப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"சார், ஒத்துவராதுன்னு சொல்லிட்டீங்கள்ல?"

"எது?"

"அந்த சம்பந்தம்."

"எந்த சம்பந்தம்?"

"என்ன சார் இன்னமும் மறைக்கிறீங்க. விசாரிக்க வர்றவங்க என்னிக்கு உள்ளதச் சொல்லியிருக்காங்க? மொத நாளே தாசன் கடையில கண்டுபுடிச்சிட்டாங்களே. தம்பிக்கோ மருமவனுக்கோன்னுதான் நெனச்சோம். நேத்து கேசரி சாப்ட்டீங்கன்னதும்தான் நீங்கதான் மாப்புளன்னு தெரிஞ்சுது." என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "வயசு கூடத்தான். ஆனா வேட்டி கட்டுனா எடுப்பாத்தான் இருந்தீங்களாம்."

முழங்கால் தண்ணீரில் முங்கியவனுக்கு இந்த ஆழம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கோலம், குரல், சமையல், தூக்கத்தில் பேச்சு, வெளியூர்த் தண்ணீர் என்று என் தலைப்புகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்து நின்று பல்லைக் காட்டின.

"அப்ப நீங்க அவங்களப் பத்திச் சொன்னதெல்லாம்..."

"பொய்தான் சார்" என்றார் செல்வி, கொஞ்சமும் கூசாமல். "கட்டிக்கிட்டு கோயமுத்தூர் கூட்டிட்டுப் போய்ட்டீங்கன்னா எங்க புள்ளைங்க என்ன பண்ணும்? எம் புள்ள போன வருஷம் வரைக்கும் அதும் பேர எழுதாது. இப்ப உரமூட்டையில இருக்கறத எல்லாம் படிச்சுக் காட்டுது. புள்ள இல்லாதவங்களுக்கு என்ன, நல்லதச் சொல்லி அனுப்பிச்சு வச்சுருவாங்க."

"நான் பொண்ணு பாக்க வரலைம்மா" என்றேன். "இந்தத் திட்டம் நல்லா நடக்குதான்னு பாக்க வந்தேன். டீச்சர் இருக்கணுமா வேண்டாமான்னு எழுத வந்தேன். நீங்க எல்லாரும் வேண்டாம்னு சொன்னதா நேத்தே எழுதி அனுப்பிட்டேன்."

செல்வி தூக்குவாளியைக் கீழே வைத்தார். வைத்த வேகத்தில் மூடி கழன்று உருண்டது. அவர் எடுக்கவில்லை.

அடுத்த கொஞ்ச நேரத்தில் பள்ளி வேம்படியில் கூட்டம். எல்லாப் பெற்றோரும் ஒரே சமயத்தில் என்னிடம் பேசினார்கள். தங்கம், வைரம், குரல் குயிலு, கோபமே கிடையாது, சமையல் மட்டும் சுமார். "இத எழுதிக்குங்க சார், அதக் கிழிச்சுப் போடுங்க" என்றார்கள். ஒரே கேள்விக்கு முந்தாநாள் ஒரு பதில், இன்று ஒரு பதில். எதை எழுதினாலும் அது நான் வந்ததால் வந்த பதில்தான். என் கையில் மிச்சமிருந்தது ஏறிய எண்களும், இந்த ஜனங்கள் பொய் சொன்னார்கள் என்ற ஒரே ஒரு உண்மையும்.

சத்தம் கேட்டு டீச்சர் வெளியே வந்தார். சொல்ல வேண்டியதாயிற்று. தப்பாக எடுத்துக்கொண்ட கதையைச் சொன்னபோது அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அது எனக்கு மொத நாள் சாயங்காலமே தெரியும் சார்."

"சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"அம்மா முட்டிவலின்னு படுத்தே கெடப்பாங்க. அன்னிக்குத் தானா எழுந்திரிச்சு ரவை வறுத்தாங்க. நான் என்னன்னு சொல்றது?"

பிறகு, பெற்றோர் எனக்கு என்ன சொன்னார்கள், எதற்காகச் சொன்னார்கள் என்பதைச் செல்வியே சொன்னார். யார் என்ன சொன்னார்கள் என்பதை நான் வெளியிடக் கூடாது. அந்தத் தெருவுக்கு அப்படி ஒரு விதி இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும், "சமையல் விஷயம் நெசம்தான்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"இந்த ஸ்கூலுக்கு நான் வந்ததுக்கப்புறம் வந்த எடமெல்லாம்" என்றார் மெதுவாக. "விசாரிச்சிட்டுப் போனாங்க. திரும்பி வரல. ஜாதகம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

வேம்படியில் ஒருவரும் யாரையும் பார்க்கவில்லை. மைதிலி சொன்ன மௌனம் இதுதான். ஆனால் இதை நிரப்ப எந்த ஆளும் முன்வரவில்லை. கடைசியில் செல்வி, "எம் புள்ள படிக்கிது டீச்சர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுக்கவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். எறிவாரோ என்று நினைத்தேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளேயிருந்து வெண்ணாறு கூப்பிட்டது. "டீச்சர், முடிச்சிட்டோம்."

"இத எழுதுவீங்களா சார்?" என்றார் என்னிடம்.

"நீங்க வேண்டாம்னா எழுதல."

"எழுதுங்க. வேலையாவது இருக்கட்டும்." இரண்டு அடி போய்விட்டுத் திரும்பினார். கூட்டத்தைப் பார்த்து, "அம்மாகிட்ட மட்டும் யாரும் மூச்சு விடாதீங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஜாதகத்த ஒங்ககிட்ட குடுத்துட்டேன்னு அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க ஊருக்குப் போயி, கொஞ்ச நாள் கழிச்சு ஜாதகம் பொருந்தலன்னு ஒரு போன் பண்ணிடுங்க சார். அது அவங்களுக்குப் பழக்கம்தான்" என்றார்.

வகுப்புக்குள் போய்விட்டார். குரல் எதிர்த் தெரு வரைக்கும் கேட்டது. அது ஒன்றும் பொய்யில்லை.

திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை. கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிப்போன டிராக்டரில், மூட்டைகளின் மேல் உட்கார்ந்து போனேன். அங்கிருந்தே மைதிலிக்குப் போன். அனுப்பிய அறிக்கையைத் திரும்ப வாங்க வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டுவிட்டு அவர் சும்மா இருந்தார். கைதேர்ந்தவர். கேசரி, வேட்டி, வாய்க்கால், நீச்சல் தெரியாது என்று கத்தினது, எல்லாம் சொன்னேன். முதலில் சிரித்தார். டீச்சர் சொன்னதைச் சொன்னதும், அதை இன்னொரு முறை வார்த்தை மாறாமல் சொல்லச் சொன்னார்.

"நம்ம அட்டவணையில இத எந்தக் கட்டத்துல போடுறது?" என்றேன்.

"கட்டத்துல போடாதீங்க. தனி அத்தியாயமா எழுதுங்க. நடந்தத நடந்தபடி. நீங்க வாய்க்கால்ல விழுந்தது உட்பட."

"அது எதுக்குங்க?"

"அதுதானே ஆய்வு முறை" என்றார்.

எழுதினேன். பள்ளிக்கு நீட்டிப்பு கிடைத்தது, இன்னும் ஒரு வருஷத்துக்கு. அந்த அத்தியாயத்தையும் இந்தக் கட்டுரையையும் வாசுகி டீச்சர் படித்துவிட்டார். ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். அம்மா பேப்பர் படிப்பதில்லை, படித்துக்காட்ட அந்த ஊரில் ஆள் இல்லை என்றும் தகவல் அனுப்பினார். டீக்கடையில் ஒரு கேள்விக்கு ஊரையே கொட்டிய ஜனங்கள் இந்த ஒன்றை மட்டும் வாய்க்குள் வைத்துக் காக்கிறார்கள்.

போன் செய்வதை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். மாதக் கடைசி ஆயிற்று. பொய் சொல்வதில் இத்தனை நடுக்கமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நடுக்கம் பொய்க்காகத்தானா என்று அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து நம்பரைப் போட்டேன். அம்மாதான் எடுத்தார்.

"கோயமுத்தூர்லேர்ந்து பேசறேனுங்கம்மா. அந்த ஜாதகம்..."

"பொருந்தலியா?"

"ஆமாங்கம்மா."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு சேவல் கூவியது.

"அதுக்கென்ன தம்பி. அவளுக்கும் இந்த வேலைய நீட்டிச்சுட்டாங்களாம், இங்கயேதான் இருக்கணும்னு இருக்கு. ஒங்களுக்கும் எங்கயாச்சும் ஒருத்தி இல்லாமலா போயிருவா? மனசத் தளர விட்டுராதீங்க. கேசரில சக்கர கம்மியா இருந்துச்சோ? நீங்க ஒண்ணுமே சொல்லலியே."

"நல்லா இருந்துச்சுங்கம்மா."

"அப்ப சரி. வேட்டிய வச்சுக்குங்க. திருப்பி அனுப்பிடாதீங்க, எனக்கு அதப் பாக்க வேணாம்."

அவர் வைத்துவிட்டார். ஆறுதல் சொல்ல போன் செய்தவன் ஆறுதல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெஸ்ஸுக்குப் போகும் நேரம். எழுந்து ஜன்னலைத் திறந்தேன். மேற்கே மலை அதன் இடத்தில் நின்றது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.